அடிப்பது மெஷின் வேலை, பிடிப்பதுதான் நம் வேலை... ஹேமர் டிரில்லை எப்படிக் கையாள வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அந்த ஆற்றின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்று ஆத்தூர். வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய அதே ஆத்தூர்தான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்கள் முக்காணி தாண்டியதும் பார்க்கும் ஊர். கொஞ்ச தூரம் போனால் புன்னைக்காயல், அதற்கப்புறம் கடல்.

ஒருமுறை தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால், அடுத்த மழைக்குள் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடத் தோன்றும். தரையோரம் இருந்த பிளக் பாயின்ட், மூலையில் கிடந்த இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் லைன் என ஒவ்வொன்றையும் ஏற்றுவதற்குச் சுவரில் துளை போட்டாக வேண்டும். துளை என்றால் ஹேமர் டிரில். எந்த கம்பெனி மெஷினாக இருந்தாலும் சைட்டில் பாதிப் பேர் அதை 'ஹில்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது நாள் வாடகைக்கும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. "எலக்ட்ரீஷியன் எதுக்கு, நாமளே போட்டுடலாமே" என்று யூடியூப் பார்த்துவிட்டு இறங்குபவர்களும் அதிகம்.

தாராளமாகப் போடலாம். ஆனால், முதல்முறை கையில் எடுப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரு தப்பு செய்கிறார்கள். மெஷினைச் சுவரோடு வைத்து முழு பலத்தையும் போட்டு அழுத்துகிறார்கள்.

ஏன் அழுத்தக் கூடாது?

சுவரில் துளை போட இரண்டு வகை மெஷின்கள் உண்டு. வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே சங்கதி வேறு.

முதலாவது, பல வீடுகளில் இருக்கும் சாதாரண இம்பேக்ட் டிரில். இதற்குள் பல் வைத்த இரண்டு உலோக வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுழலும். பல்லும் பல்லும் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல் வரும், அதுதான் அதன் 'அடி'. நிமிடத்துக்கு 40 ஆயிரம் தடவைகூட அடிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் செல்ல அடி. இதில் நீங்கள் அழுத்தினால்தான் வேலை நடக்கும். செங்கல் சுவருக்கு இது போதும். கான்கிரீட்டில் வைத்தால் பிட்டு சிவக்கும், தோள் வலிக்கும், துளை மட்டும் விழாது.

இரண்டாவதுதான் ரோட்டரி ஹேமர். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பம்ப் அடித்துப் பாருங்கள். உள்ளே மாட்டிய காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். இந்த மெஷினுக்குள் நடப்பதும் அதுதான். மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டும். பிஸ்டனுக்கு முன்னால் சிறைப்பட்ட காற்று, ஓர் இரும்புக் கட்டியைச் சுண்டி எறியும். அந்தக் கட்டி போய் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கும். கூடவே பிட்டு சுழலும்.

வீட்டு உபயோகத்துக்கான 700, 800 வாட்ஸ் மெஷினில் ஓர் அடியின் பலம் 2 முதல் 3 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை 20 அல்லது 30 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் அது விழுகிறது.

ஆக, அடிக்கும் பலம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. பிட்டு சுவரைத் தொட்டு, லேசாக உள்ளே தள்ளப்பட்டால் அடி தொடங்கும், எடுத்தால் நிற்கும். அந்த லேசான அழுத்தம் மட்டும்தான் நம் பங்கு. அதற்கு மேல் அழுத்தினால் இரும்புக் கட்டி முழு வீச்சில் ஓட முடியாது, அடி குறையும், பிட்டு சூடாகும், அதிர்வு நம் கைக்குத் திரும்பும். துளை மெதுவாக இறங்குகிறது என்று இன்னும் அழுத்துவார்கள். அது இன்னும் மெதுவாகும்.

பிட்டு மாட்டும் இடமும் இதற்கேற்பத்தான் இருக்கும். சாவி போட்டு முறுக்கும் சக் இதில் கிடையாது. அடிமட்டத்தில் காடி வெட்டிய எஸ்டிஎஸ் பிட்டைத் தள்ளி, திருகினால் 'க்ளிக்' என்று உட்காரும். 1975-ல் போஷும் ஹில்டியும் சேர்ந்து கொண்டுவந்த முறை இது. சின்ன மெஷின்களில் 10 மி.மீ. தண்டு கொண்ட எஸ்டிஎஸ் பிளஸ், பெரிய உடைப்பு மெஷின்களில் 18 மி.மீ. எஸ்டிஎஸ் மேக்ஸ். மாட்டியதும் பிட்டு முன்னும் பின்னும் சுமார் ஒரு செ.மீ. ஆடும். "லூசா இருக்கே" என்று பயப்பட வேண்டாம், அடி வாங்குவதற்காகத்தான் அந்த ஆட்டம். மாட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கையோடு வரக் கூடாது. தண்டின் நுனியில் துளி கிரீஸ் வைத்தால் உள்ளே தேய்மானம் குறையும்.

எந்தச் சுவருக்கு எந்த மோடு?

மெஷின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். பிட்டு படம் போட்டிருந்தால் சுழற்சி மட்டும். பிட்டும் சுத்தியலும் சேர்ந்திருந்தால் சுழற்சியோடு அடி. சுத்தியல் மட்டும் என்றால் உளி மாட்டி உடைக்க. மோட்டார் நின்ற பிறகுதான் திருகை மாற்ற வேண்டும்.

கான்கிரீட் என்றால் யோசிக்க வேண்டாம், அடியோடு சுழற்சி. ஹாலோ பிளாக், வெள்ளை நிற ஏஏசி பிளாக் இரண்டுக்கும் சுழற்சி மட்டும் போதும். அடித்தால் உள்பக்கம் உடைந்து ஓட்டை பெரிதாகிவிடும், ரவுல் பிளக் பிடிமானமில்லாமல் சுற்றும். டைல்ஸ் மேல் என்றால் முதலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸுக்கான பிட்டால் சுழற்சி மோடில் மெதுவாகத் தாண்டிவிட்டு, பின்னாலிருக்கும் சுவர் வந்த பிறகு அடிக்கு மாற்றலாம்.

இந்தக் கரையோரப் பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல்லை வெட்டி எடுத்துக் கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் பயன்படுத்தினார்கள். (பவளப்பாறைகள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்தன. தூத்துக்குடி பக்கம் விலாங்குச்சல்லி என்ற தீவே கடலுக்குள் போனதற்கு அந்தக் கல் எடுப்பும் ஒரு காரணம்.) அப்படிப்பட்ட கல் சுவரோ, சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவரோ, ஹேமரின் அடியைத் தாங்காது. ஒரு துளைக்கு அடித்தால் கையளவு பூச்சு பெயர்ந்து வரும். அங்கே சுழற்சி மட்டும், சின்ன பிட்டில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிதாக்குவதுதான் சரி.

துளையின் ஆழத்துக்கு மெஷினோடு ஒரு கம்பி தருவார்கள். பலர் அதை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். ரவுல் பிளக்கின் நீளத்தோடு இன்னொரு 10 மி.மீ. சேர்த்து அந்தக் கம்பியை வைத்துக்கொண்டால் போதும். கம்பி தொலைந்துவிட்டதா? பிட்டில் கலர் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றும் ஒரு துளையும்

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. ஆத்தூர் மாதிரியான ஊரில் அந்தக் கம்பிக்கு எதிரி காற்றிலேயே இருக்கிறது.

கம்பியைச் சுற்றி எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. சைட்டில் இதை 'கவர்' என்பார்கள். வறண்ட உள்ளூர்ச் சூழலில் 20 மி.மீ. போதும். கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட் என்றால் 45 மி.மீ. வேண்டும் என்கிறது. அந்தக் கூடுதல் 25 மி.மீ. எதற்காக? உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுவதைத் தள்ளிப்போடத்தான். உப்பில் இருக்கும் குளோரைடு கம்பியைத் தொட்டால் துரு தொடங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சன்ஷேடு அடியில் பூச்சு உதிர்ந்து, கறுத்த கம்பி பல்லிளிக்கும் வீடுகளை ஆறுமுகநேரி, காயல்பட்டினம், ஆத்தூர் என எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இப்போது சன்ஷேடு அடியில் ஒரு கொக்கிக்காக 50 மி.மீ. துளை போடுகிறீர்கள். 45 மி.மீ. கவர் விட்டுத்தான் கட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உப்பு பல வருடம் நடந்து வர வேண்டிய தூரத்துக்கு ஐந்து நொடியில் கதவு திறந்துவிட்டாயிற்று. அதனால் வெளிப்புறத் துளை எதுவானாலும் ஆங்கர் இறக்கிய பிறகு சுற்றிலும் சீலன்ட் வைத்து மூட வேண்டும். ஆங்கர் போல்ட்டும் துத்தநாகப் பூச்சு போட்ட சாதா ரகமாக இருந்தால் இந்தக் காற்றுக்குத் தாங்காது. 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை கூடத்தான். ஆனால் தலைக்கு மேல் ஏசி அவுட்டோர் யூனிட் தொங்கும்போது அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பிட்டு கம்பியைத் தொட்டுவிட்டால் காது முதலில் சொல்லும். 'கடகட' சத்தம் மாறி, 'கணீர்' என்று ஒலிக்கும். துளை இறங்காது, தூசி வருவது நின்றுபோகும், சில நேரம் பொறி பறக்கும். அந்த நொடியில் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் அழுத்தினா உடைஞ்சிடும்" என்று தொடர்ந்தால் முதலில் உடைவது பிட்டு நுனியில் இருக்கும் கார்பைடு. இரண்டாவது, உங்கள் மணிக்கட்டாக இருக்கலாம். கைவிட்ட துளையைச் சுருங்காத கிரவுட்டால் நிரப்பிவிட்டு, அதன் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் புதிதாகப் போடுவது பாதுகாப்பு. பீம், பில்லர் பக்கம் என்றால் இன்ஜினீயரிடம் கேட்காமல் கை வைக்கவே வேண்டாம். சில புது அபார்ட்மென்ட்களின் ஸ்லாபுக்குள் முறுக்கி இழுத்துக் கட்டிய ஸ்டீல் கேபிள்கள் ஓடும். அதை வெட்டினால் ஒரு கொக்கியோடு போகிற சமாச்சாரம் இல்லை.

மெயினை ஆஃப் பண்ணியாச்சு... இன்வெர்ட்டர்?

சுவருக்குள் ஒயர் ஓடும் பாதையைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் என்று போகும். அந்தக் கோடுகளைத் தவிர்த்தாலே பாதி ஆபத்து போய்விடும். கூரை அப்படியில்லை. ஸ்லாப் போடும்போதே பைப்பைக் குறுக்கே இழுத்துவிடுவார்கள், ஃபேன் கொக்கிக்குக் கோணல்மாணலாகக்கூட வந்து சேரும். அங்கே ஊகம் வேலைக்காகாது. உலோகத்தையும் மின்சாரத்தையும் காட்டும் சின்ன டிடெக்டர் இருந்தால் நல்லது.

துளை போடும் இடத்தின் லைனை மெயினில் அணைப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது இன்வெர்ட்டரை. ஈபி மெயினை அணைத்ததுமே கரன்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். லைட், ஃபேன் ஒயர்களில் மின்சாரம் அப்படியே இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பிட்டு சுவரைத் தொட வேண்டும்.

மெஷினுக்கு மின்சாரம் வேறு லைனிலிருந்து எடுப்போம். அந்த லைனில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிபி இருக்கிறதே என்றால், அது ஒயரைக் காப்பாற்றும் கருவி. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் தாண்டினால்தான் விழும். மனித உடம்புக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபிதான் மனிதனுக்கானது. மொபைல் சார்ஜர் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இந்த மெஷினைச் சொருகுவதும் வேண்டாம். தடிமனான ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷனை, சுருளை முழுதாகப் பிரித்துப் போட்டுப் பயன்படுத்த வேண்டும். சுருட்டிய ஒயர் சூடாகி உருகும்.

பெரும்பாலான மெஷின்கள் இரட்டை இன்சுலேஷன் கொண்டவை. உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும், இரண்டு பின் பிளக் வரும். ஆனாலும் பிட்டு போய் ஒயரைத் தொட்டால் முன்பக்க உலோகத்துக்குக் கரன்ட் வரும். பிளாஸ்டிக், ரப்பர் பிடிகளில் மட்டும்தான் கை இருக்க வேண்டும். முன்பக்கம் தாங்குகிறேன் என்று சக் பக்கம் பிடிக்கக் கூடாது.

சேரைத் தள்ளி வையுங்கள்

பிட்டு திடீரென்று மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பிட்டு நின்றுவிடும், மோட்டார் நிற்காது. சுழல வேண்டியது பிட்டு இல்லையென்றால் மெஷினாகிவிடும், அதைப் பிடித்திருக்கும் கையும் சேர்ந்து. மெஷினில் இதற்கென்று ஒரு கிளட்ச் இருக்கிறது, மாட்டினால் நழுவிக்கொள்ளும். ஆனால் அது நழுவுவதற்குள் ஒரு உதறல் வரும். அந்த உதறலைத் தாங்கத்தான் பக்கவாட்டுக் கைப்பிடி. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் கையில் பிடித்துத் துளை போடும் வீடியோக்கள் இன்ஸ்டாவில் ஏராளம். லைக் பண்ணிக்கொள்ளுங்கள், வீட்டில் செய்ய வேண்டாம்.

அதே காரணத்துக்காகத்தான் நம் ஊர் தேசிய ஏணியான பிளாஸ்டிக் சேரும் வேண்டாம். உதறல் வந்தால் சேரின் கால் வளையும், ஆள் விழுவார். சாரம் அல்லது உறுதியான ஸ்டூல் ஏணி போட்டு, கால்களை அகற்றி நிற்க வேண்டும். (தெக்கத்தி ஊர்களில் சாரம் என்றால் கைலியும்தான். அந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு இந்தச் சாரத்தில் ஏறுவதும் ஆபத்து. தளர்வான துணி, தோளில் தொங்கும் துண்டு எல்லாம் சுழலும் பிட்டுக்குத் தீனி.) டிரிகரை அழுத்தினபடியே பூட்டும் பட்டன் ஒன்று இருக்கும். உயரத்தில் வேலை பார்க்கும்போது அதைத் தொடாதீர்கள். கை விட்டால் மெஷின் நிற்க வேண்டும்.

மாட்டிய பிட்டை ஆட்டி நெம்பினால் வளையும். முதலில் ரிவர்ஸில் லேசாக முயன்று பாருங்கள். வரவில்லையென்றால் மெஷினைக் கழற்றிவிட்டு, பிட்டை ஸ்பேனரால் திருகி எடுக்கலாம்.

11 கிராம் தூசி

10 மி.மீ. பிட்டால் 60 மி.மீ. ஆழம் ஒரு துளை. அதிலிருந்து வெளிவரும் கான்கிரீட் தூள், கணக்குப் போட்டால் சுமார் 11 கிராம். அதில் கண்ணுக்குத் தெரிகிற தூள் தரையில் விழும். தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போகும். மணலிலும் ஜல்லியிலும் இருக்கும் சிலிக்கா அதில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் விதி போட்டது. கையில் பிடிக்கும் டிரில்லுக்குத் தூசி உறிஞ்சும் இணைப்பு வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது.

இது எங்கோ அமெரிக்காவின் கவலை என்று தள்ள முடியாது. பாறையைத் துளைத்த தூசி என்ன செய்யும் என்பதைத் தமிழ்த் தொழிலாளர்கள் கோலார் தங்கவயலில் பார்த்துவிட்டார்கள். அங்கே பூமிக்கடியில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி வடாற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள். இந்திய மருத்துவப் பாடநூல்களில் சிலிகோசிஸ் பற்றிய கதை, 1947-ல் அந்தச் சுரங்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டு, மூச்சு குறைந்துகொண்டே போகும் நோய். வந்துவிட்டால் திருப்பிச் சரிசெய்ய முடியாது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

வீட்டில் நாலு துளை போடுபவருக்கு அந்த நோய் வந்துவிடாது. தினமும் முப்பது, நாற்பது துளை போடும் ஏசி மெக்கானிக்கும், எலக்ட்ரீஷியனும், அவர்களுக்குக் கீழே தூசியில் நின்று ஏணி பிடிக்கும் பையனும்தான் கவலைக்குரியவர்கள். முகத்தில் கட்டும் கர்சீப் இந்தத் தூசியைத் தடுக்காது, என்-95 மாஸ்க் வேண்டும். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்கு டீ கொடுக்கும்போது ஒரு மாஸ்க்கையும் கொடுத்தால் குறைந்துபோய்விட மாட்டோம்.

கூரையில் துளை போடும்போது பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் கோத்துவிட்டால் பாதித் தூசி அதிலேயே விழும். சுவரில் என்றால் இன்னொருவர் வேக்குவம் கிளீனரின் வாயைத் துளைக்குக் கீழே பிடிக்கலாம். முடிந்த பிறகு விளக்குமாறு போட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துளையிடும்போதே தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், அது மின்சார மெஷின். துளைக்குள் இருக்கும் தூளையும் வாயால் ஊதக் கூடாது, கண்ணுக்குள் வரும். சின்ன பிரஷ்ஷும் காற்றடிக்கும் பல்பும் வைத்து எடுக்க வேண்டும். தூள் தங்கிய துளையில் ஆங்கர் பிடிக்காது, கெமிக்கல் ஆங்கர் என்றால் சுத்தமாகவே பிடிக்காது.

கண்ணாடி, காதடைப்பான் இரண்டும் இதோடு சேரும். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் காது தாங்கும் என்பது அமெரிக்காவின் நியோஷ் கணக்கு. மூடிய அறையில் இந்த மெஷின் அந்த அளவை நெருங்கும்.

அதிர்வுக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேரத்துக்கான கை அதிர்வு உச்சவரம்பு 5 மீ/வி². மெஷின் அட்டையில் 14 என்று போட்டிருந்தால், அந்த வரம்பை எட்ட ஒரு மணி நேரம் போதும். வேலை முடிந்து ராத்திரி விரல் மரத்துப்போவதும், சட்டை பட்டன் போடச் சிரமப்படுவதும் சாதாரண அசதி இல்லை. அது நரம்பிலிருந்து வரும் புகார்.

வெள்ளத்தில் நனைந்த மெஷின்

கடைசியாக, இந்த ஊர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் கிடந்த டிரில்லை வெயிலில் இரண்டு நாள் காயவைத்துவிட்டு பிளக்கில் சொருகிப் பார்ப்பவர்கள் உண்டு. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே காயில் சுற்றுகளுக்கு நடுவே சேறும் உப்பும் படிந்திருக்கும். ஈரம் போனாலும் உப்பு போகாது, அடுத்த ஈரக்காற்றில் அதுவே மின்சாரத்துக்குப் பாதை ஆகும். மெக்கானிக் பிரித்து, சுத்தம் செய்து, இன்சுலேஷனைச் சோதித்து, கிரீஸ் மாற்றிய பிறகே அதை ஓட்ட வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே நின்று ஒயரில் டேப் சுற்றியிருக்கிறதா, பக்கவாட்டுக் கைப்பிடி இருக்கிறதா, பிட்டு மாட்டி இழுத்தால் கையோடு வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒயரில் டேப் சுற்றியிருந்தால் வேறு மெஷின் கேளுங்கள்.